வீட்டில் கட்டிய மெட்டல் டிடெக்டர் ஊமையாகக் கிடக்கிறதா? ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டர்களை வரிசையாகச் சோதிக்கும் முறை

காட்பாடி, பாகாயம் பக்கம் கல்லூரிப் புராஜெக்டுக்காகச் செய்பவர்கள், வயலில் மண் மூடிப்போன பைப்லைன் வால்வைத் தேடச் செய்பவர்கள், சும்மா ஆசைக்குச் செய்பவர்கள் என்று பல்ஸ் இண்டக்‌ஷன் வகை மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே கட்டுபவர்கள் பலர். காயிலுக்கு மின்சாரத்தைத் துடிப்பாகக் கொடுத்து வெட்டி, உலோகத்திலிருந்து திரும்பும் சிக்னலைக் கேட்கும் வகை இது. பேட்டரி கொடுத்ததும் முதல் தடவையே அது கூவிவிட்டால் அதிர்ஷ்டம். கூவவில்லை என்றால் உடனே எல்லோரும் ஐசியைத்தான் மாற்றுகிறார்கள். ஐசி பெரும்பாலும் நிரபராதி. காயிலுக்கு மின்சாரத்தைக் கொடுத்து வெட்டுகிற இரண்டு டிரான்சிஸ்டர்களும் அவற்றைச் சுற்றியுள்ள நாலைந்து ரெசிஸ்டர்களும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். அதிலும், ஸ்விட்ச் ஆன் ஆகாத பழுது பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். ஆன் ஆகிவிட்டு, ஆஃப் ஆவதில் மந்தமாக இருக்கும் பழுதுதான் நாள்கணக்கில் அலைய வைக்கும்.

இங்கே சொல்வது பரவலாகக் கட்டப்படும் அமைப்புக்கு: என்இ 555 டைமர், அதன் பிறகு பிசி 557 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டர், அது ஓட்டும் ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட் (காயில் மின்சாரத்தை வெட்டும் பெரிய டிரான்சிஸ்டர்), டிஎல் 072 ஆம்ப்ளிஃபயர், 12 வோல்ட் பேட்டரி. உங்கள் சர்க்யூட்டில் மதிப்புகள் கொஞ்சம் மாறினாலும் சோதிக்கும் வரிசை மாறாது.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். சர்க்யூட் படத்தைப் பெரிதாக ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஆர்எஃப் 740, பிசி 557 இரண்டுக்கும் டேட்டாஷீட்டைப் போனில் இறக்கிவையுங்கள். அதில் கால்கள் வரிசையைக் காட்டும் படம் ஒன்றுதான் நமக்கு முக்கியம். ஒரு நோட்டில் தேதி, பேட்டரி வோல்ட், ஒவ்வொரு புள்ளியிலும் மீட்டர் காட்டிய எண் என்று எழுதிக்கொண்டே போங்கள். நேற்று 11.8 காட்டிய இடம் இன்று 9 காட்டினால், எழுதி வைத்தவருக்குத்தான் அது தெரியும். கடை பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். போலி மாஸ்ஃபெட் வந்தால் மாற்றிக் கேட்க அது ஒன்றுதான் ஆதாரம்.

கருவிகள்: டிஜிட்டல் மல்டிமீட்டர் (300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைப்பது போதும், அலைவெண் பார்க்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது), 25 வாட் சால்டரிங் அயர்ன், டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பல்புகள் இரண்டு. ஒன்று 5 வாட் பார்க்கிங் பல்பு, இன்னொன்று 10 வாட் இண்டிகேட்டர் பல்பு. இந்த இரண்டு பல்புகளும் காப்பாற்றும் மாஸ்ஃபெட்டின் விலை பல்பு விலையைவிட அதிகம்.

உதிரிகள்: பிசி 557 ஐந்து வாங்குங்கள். ஒன்று சில ரூபாய்தான். ஐஆர்எஃப் 740 இரண்டு, என்இ 555 இரண்டு, 8 கால் ஐசி பேஸ் இரண்டு. உள்ளூர்க் கடைகளில் 555, பிசி 547, 557 எல்லாம் சுலபமாகக் கிடைக்கும். ஐஆர்எஃப் 740 கேட்டால் ‘அதுக்குப் பதிலா இது’ என்று வேறொன்றை நீட்டுவது உண்டு. அதை 5ஆம் படியில் பார்ப்போம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதாக இருந்தால் காட்பாடியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம், போய் வர ஒரு நாள். அதனால் பட்டியலை முழுதாக எழுதி, எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வாங்கிவிடுவது மேல்.

காயில் கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் கடை இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது. 25 கேஜ் எனாமல் கம்பி என்று கேளுங்கள். எடை போட்டுத் தருவார்கள். 19 செ.மீ. விட்டத்தில் 25 சுற்றுக்குச் சுமார் 15 மீட்டர், எடையில் 26 கிராம்தான் வரும். 50 கிராம் வாங்கினால் ஒரு தடவை தப்பாகச் சுற்றினாலும் மீதி இருக்கும்.

நேரம்: பொறுமையாகச் செய்தால் அரை நாள். அவசரப்பட்டால் மூன்று நாள்.

2. காயிலைக் கழற்றுங்கள், சீரியஸ் லேம்ப் போடுங்கள்

எந்தச் சோதனைக்கும் முன்னால் காயில் வயரைக் கழற்றிவிடுங்கள். காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை ஓம் கூட வராது. மாஸ்ஃபெட் ஒட்டிக்கொண்டு ஆனிலேயே நின்றுவிட்டால் 6 ஆம்பியர் ஓடும். முதலில் காயில் கொதிக்கும், பிறகு மாஸ்ஃபெட் போகும், லித்தியம் பேட்டரியாக இருந்தால் அதற்கும் நல்லதில்லை.

வீட்டு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் ஷார்ட் கண்டுபிடிக்கச் சீரியஸ் லேம்ப் போடுவார்களே, அதே வேலையை இங்கும் செய்யுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் 5 வாட் பல்பு. எல்லாம் சரியாக இருந்தால் பல்பு எரியாது. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், போர்டு பிழைக்கும்.

காயில் இல்லாமல் மொத்தக் கரண்ட் 10 முதல் 15 மில்லி ஆம்பியர் இருக்க வேண்டும். அது 555-உம் டிஎல் 072-உம் குடிப்பது. பவர் எல்இடி இருந்தால் அதன் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு காயில் மாட்டும்போது இதோடு 25 முதல் 40 மில்லி ஆம்பியர் கூடும். இந்த இரண்டு எண்களையும் மனதில் வையுங்கள். பழுதில் பாதியை இவையே சொல்லிவிடும். காயில் மாட்டியும் கரண்ட் கூடவில்லை என்றால் ஸ்விட்ச் ஆன் ஆகவே இல்லை. நூற்றுக்கணக்கில் போனால் ஆன் நேரம் கூடிவிட்டது. பல்பு பளிச்சென்று எரிந்தால் ஒட்டிக்கொண்டது.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. 9 வோல்ட் பெட்டி பேட்டரி இதற்கு ஆகாது. அதன் உள் ரெசிஸ்டன்ஸ் அதிகம். அடாப்டரும் வேண்டாம், அதன் இரைச்சல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குள் போகும். பழைய யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரி அல்லது மூன்று 18650 செல் சீரியஸில். மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் கட்டாயம். காயில் ஒவ்வொரு துடிப்பிலும் 3 ஆம்பியரை நெருங்கி இழுக்கிறது. அந்தக் கணத்துக்குக் கொடுப்பது பேட்டரி இல்லை, இந்தக் கெபாசிட்டர்தான்.

3. 555 துடிக்கிறதா?

555-இன் 7ஆம் காலுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் 100 கிலோ ஓம். 7க்கும் 6க்கும் நடுவில் 1.5 கிலோ ஓம். 2ஆம் காலும் 6ஆம் காலும் சேர்ந்திருக்கும், அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோ ஃபாரட். இந்த மதிப்புகளுக்கு 3ஆம் கால் சுமார் 7 மில்லி செகண்ட் உயரத்தில் நின்று, 104 மைக்ரோ செகண்ட் மட்டும் கீழே இறங்கும். நொடிக்கு 140 தடவை. கீழே இறங்கும் அந்தச் சின்ன நேரத்தில்தான் காயிலுக்கு மின்சாரம் போகிறது.

மீட்டரில் பார்க்க வேண்டியது: 8ஆம் காலிலும் 4ஆம் காலிலும் பேட்டரி வோல்ட், 5ஆம் காலில் 8 வோல்ட், 2 மற்றும் 6இல் சுமார் 6 வோல்ட், 3ஆம் காலில் 10.5 முதல் 11.5. அலைவெண் பார்க்கும் வசதி இருந்தால் 140 அருகில் காட்டும். இல்லையென்றால் பழைய இயர்போனை 0.1 மைக்ரோ ஃபாரட், 1 கிலோ ஓம் இரண்டையும் தொடராக வைத்து 3ஆம் காலில் தொடுங்கள். வண்டு ரீங்காரம் போலக் கேட்டால் துடிக்கிறது.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, இரண்டு ரெசிஸ்டரும் இடம் மாறிவிடுவது. 100 கிலோ ஓமின் பட்டைகள் பழுப்பு-கறுப்பு-மஞ்சள். 1.5 கிலோ ஓமுக்குப் பழுப்பு-பச்சை-சிவப்பு. மாற்றி வைத்தாலும் 555 துடிக்கும், ஆனால் நொடிக்குச் சுமார் 70 தடவை, அதாவது பாதிதான். ஆன் நேரமோ 104 மைக்ரோ செகண்டுக்குப் பதில் 7 மில்லி செகண்டுக்கு ஏறிவிடும். காயில் மாட்டியதும் எல்லாம் கொதிக்கும். கண்டுபிடிக்க வழி: 3ஆம் காலின் டிசி வோல்ட் 11 அருகில் இல்லாமல் 5, 6 என்று காட்டும்.

இரண்டு, 100 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம். மஞ்சளும் ஆரஞ்சும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும். பட்டையை நம்பாமல், வைப்பதற்கு முன் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

மூன்று, அந்த 0.1 மைக்ரோ ஃபாரட். தட்டையான பழுப்பு நிற டிஸ்க் கெபாசிட்டர் வைத்தால் காலையில் ஒரு அலைவெண், வேலூர் வெயிலில் மத்தியானம் வேறொன்று. பெட்டி வடிவப் பாலியெஸ்டர் வகையில் 104 என்று கேட்டு வாங்குங்கள்.

4. பிசி 557: சின்னது, ஆனால் ஏமாற்றும்

இந்தப் பிஎன்பி எதற்கு, 3ஆம் காலையே நேராக மாஸ்ஃபெட் கேட்டுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 3ஆம் கால் பெரும்பாலான நேரம் உயரத்தில் இருக்கிறது. நேராகக் கொடுத்தால் மாஸ்ஃபெட் அந்த நேரம் முழுக்க ஆனில் நிற்கும். தலைகீழாக்கித் தருவதுதான் பிசி 557-இன் வேலை. 3ஆம் கால் இறங்கும்போது இது ஆன் ஆகி, கேட்டை 12 வோல்ட்டுக்கு ஏற்றும்.

இணைப்பு: எமிட்டர் பிளஸ்ஸில். பேஸ் 1 கிலோ ஓம் வழியாக 3ஆம் காலில். கலெக்டர் கேட்டுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இன்னொரு 1 கிலோ ஓம் வையுங்கள். பல சர்க்யூட் படங்களில் இது இருக்காது. 555-இன் 3ஆம் கால் பேட்டரி வோல்ட் வரைக்கும் தானாக ஏறாது, ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் நிற்கும். ஐசியில் கொஞ்சம் கசிவு இருந்தால் பிசி 557 முழுசாக மூடாமல் கசியும். இந்த ஒரு ரெசிஸ்டர் அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிடும்.

கால் வரிசையில்தான் பெரிய குழப்பம். பிசி 557-ஐத் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3906 கிடைத்தது என்று அதை வைத்தால் அதன் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே திருப்பி மாட்ட வேண்டும். தப்பாக மாட்டினால் முழுக்கச் செத்துப்போனாலாவது தெரியும். கலெக்டரும் எமிட்டரும் மாறிய டிரான்சிஸ்டர் அரைகுறையாக ஓடும், கேட் வோல்ட் பூஜ்யத்துக்கு வராமல் நடுவில் தொங்கும். நீங்கள் மாஸ்ஃபெட்டைச் சந்தேகித்துக்கொண்டு இருப்பீர்கள்.

இன்னொன்று, 547-உம் 557-உம் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். மீட்டரை டையோடு நிலையில் வைத்துக் கறுப்பு முனையை நடுக்காலில் வையுங்கள். சிவப்பு முனையால் மற்ற இரண்டு காலையும் தொட்டால் இரண்டிலும் 0.6 முதல் 0.7 காட்ட வேண்டும். காட்டினால் அது பிஎன்பி, நல்லது. சிவப்பு நடுவில் இருக்கும்போது காட்டினால் அது 547.

ஓடாத நிலையில் ஒரு சோதனை. காயில் இன்னும் கழன்றே இருக்கட்டும். 555-ஐ ஐசி பேஸிலிருந்து எடுத்துவிடுங்கள். 3ஆம் காலின் ஓட்டையில் ஒரு ஒயரைச் செருகிக் கிரவுண்டில் தொடுங்கள். பேஸில் 11.3, கலெக்டரில் 11.7 அல்லது மேலே. ஒயரை எடுத்ததும் பேஸ் 12, கலெக்டர் 0. மூன்று நான்கு நொடிக்கு மேல் தொட்டுக்கொண்டே இருக்காதீர்கள். கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 220 ஓம் ரெசிஸ்டர் கால் வாட்டாக இருந்தால் சூடேறிக் கருகும். ஓட்டத்தில் அது சூடாகவே ஆகாது, இந்தச் சோதனையில் மட்டும்தான் முக்கால் வாட்டுக்குக் கிட்டே போகிறது.

கலெக்டர் 11.7 வராமல் 7, 8 என்று நின்றால் பேஸ் ரெசிஸ்டர் மதிப்பு ஏறிவிட்டது அல்லது டிரை சால்டர் (ஈயம் சரியாக ஒட்டவில்லை). ஒயரை எடுத்தும் கலெக்டர் இறங்கவில்லை என்றால் டிரான்சிஸ்டர் ஷார்ட், மாற்றுங்கள். மூன்று ரூபாய்ப் பொருளுக்கு ஆராய்ச்சி வேண்டாம்.

5. மாஸ்ஃபெட்: அசலா, போலியா, வேறா?

ஐஆர்எஃப் 740 என்பது 400 வோல்ட் தாங்கும். எழுத்து உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் கேட், டிரெய்ன், சோர்ஸ். பின்பக்க உலோகத் தகடும் டிரெய்ன்தான். தகடு எதிலும் இடிக்கக் கூடாது.

கடையில் ‘பதிலுக்கு’ கொடுப்பதில் ஐஆர்எஃப் 840 வாங்கலாம், 500 வோல்ட். ஐஆர்எஃப் 540 வேண்டாம், 100 வோல்ட்தான். ஐஆர்எஃப் இசட் 44 அறவே வேண்டாம், 55 வோல்ட். காயிலை வெட்டும் கணத்தில் டிரெய்னில் வோல்ட் நூற்றுக்கணக்கில் எகிறும். 100 வோல்ட் மாஸ்ஃபெட் அதை 100-லேயே பிடித்து நிறுத்திவிடும். உடனே எரியாது, அதனால் சரி என்று தோன்றும். ஆனால் காயிலில் உள்ள மின்சாரம் வடிய நாலு மடங்கு நேரம் ஆகும், பக்கத்தில் இருக்கும் நாணயம் தெரியாது.

மீட்டர் சோதனை: டையோடு நிலையில் சிவப்பு சோர்ஸில், கறுப்பு டிரெய்னில் வைத்தால் 0.5 அருகில். மாற்றி வைத்தால் ஒன்றும் காட்டக் கூடாது. கேட்டுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் எப்படி வைத்தாலும் ஒன்றும் காட்டக் கூடாது. கேட்டிலிருந்து ஏதாவது எண் வந்தால் அது குப்பைக்குத்தான்.

சிலர் மீட்டர் முனையாலேயே கேட்டைத் தொட்டு ஆன் செய்து பார்ப்பார்கள். இந்த மாஸ்ஃபெட் திறக்க 2 முதல் 4 வோல்ட் வேண்டும். பல மீட்டர்களின் டையோடு நிலை 3 வோல்ட்கூடத் தராது. நல்ல மாஸ்ஃபெட்டை ‘ஆன் ஆகலை’ என்று தூக்கிப் போடுவது இப்படித்தான். பல்பால் சோதியுங்கள்.

போர்டுக்கு வெளியே, மாஸ்ஃபெட்டைத் தனியாக வைத்து: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 10 வாட் பல்பு வழியாக டிரெய்னுக்கு, சோர்ஸ் மைனஸுக்கு. 1 கிலோ ஓம் ஒன்றின் ஒரு முனையைப் பிளஸ்ஸில் வைத்து மறுமுனையால் கேட்டைத் தொடுங்கள். பல்பு எரியும். கையை எடுங்கள், எரிந்துகொண்டே இருக்கும், கேட்டில் சேர்ந்த மின்னூட்டம் போக வழியில்லை. இப்போது அதே ரெசிஸ்டரால் கேட்டை மைனஸில் தொடுங்கள். டக்கென்று அணையும். பல்பு எரியும்போது டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் மேலே எழுதியிருப்பது 740, உள்ளே இருப்பது வேறு ஏதோ.

தொட்டால் எரிவதும், எடுத்தால் அணையாததும், மறுபடி தொட்டால்தான் அணைவதும். இதை இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அடுத்த படியின் விஷயமே இதில்தான் இருக்கிறது.

6. ஆஃப் ஆவதுதான் வேலை

மாஸ்ஃபெட் கேட்டில் மின்னூட்டம் சேர்ந்துவிட்டால் அதை யாராவது வடித்தால்தான் அணையும் என்று பல்பில் பார்த்தீர்கள். நம் சர்க்யூட்டில் பிசி 557 ஏற்ற மட்டும்தான் செய்யும், இறக்காது. இறக்குவது கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் அந்த ஒற்றை ரெசிஸ்டர். டிடெக்டரின் உயிரே அதில் இருக்கிறது.

மாஸ்ஃபெட் கேட் என்றால் 10 கிலோ ஓம் போட வேண்டும் என்று ஆர்டுயினோவில் மோட்டார் ஓட்டிப் பழகியவர்கள் கை தானாக 10 கிலோ ஓமை எடுக்கும். மோட்டாருக்கு அது பரவாயில்லை. இங்கே கணக்குப் பாருங்கள். மாஸ்ஃபெட் மூடத் தொடங்கும்போது கேட் 4, 5 வோல்ட்டில் கொஞ்ச நேரம் நின்றுதான் இறங்கும். அந்த நேரத்தில் 30 நானோ கூலும்ப் அளவுக்கு மின்னூட்டம் வடிய வேண்டியிருக்கும். 10 கிலோ ஓம் வழியாக ஓடுவது அரை மில்லி ஆம்பியர்தான். அதாவது 60 மைக்ரோ செகண்ட் இழுக்கும். 220 ஓம் வழியாக 20 மில்லி ஆம்பியர் ஓடும், ஒன்றரை மைக்ரோ செகண்டில் முடிந்துவிடும்.

இதில் என்ன போயிற்று என்று கேட்கலாம். ஒரு நாணயத்திலிருந்து திரும்பி வரும் சிக்னல், காயிலை வெட்டியபின் வரும் முதல் சில பத்து மைக்ரோ செகண்டுகளில்தான் இருக்கிறது. மாஸ்ஃபெட்டே 60 மைக்ரோ செகண்ட் மூடிக்கொண்டிருந்தால் நாணயத்தின் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். பெரிய இரும்புச் சட்டி தெரியும், மண்வெட்டி தெரியும், நாணயம் மட்டும் தெரியாது. இந்த அறிகுறி இருந்தால் வேறெங்கும் தேடாமல் முதலில் இந்த ரெசிஸ்டரைப் பாருங்கள்.

அதற்காக 47 ஓம் என்று இறங்கிவிடாதீர்கள். பிசி 557 தாங்குவது 100 மில்லி ஆம்பியர். 220 ஓமில் 55 ஓடுகிறது, 150 ஓமில் 80. அதற்குக் கீழே வேண்டாம். கேட்டுக்கு முன் தொடராக 10 அல்லது 22 ஓம் ஒன்று வைப்பது நல்லது. பிசி 557, இந்த ரெசிஸ்டர், கேட் மூன்றுக்கும் நடுவில் ஒயர் ஒரு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

இன்னொரு நல்ல பழக்கம் இங்கே கெட்ட பழக்கமாகிவிடும். ரிலே, மோட்டார் என்று எந்தக் காயில் வந்தாலும் குறுக்கே 1என்4007 டையோடு போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தேடும் காயிலின் குறுக்கே அந்த டையோடு வந்தால் டிடெக்டர் செவிடு. வெட்டும்போது எகிறும் வோல்ட்தான் காயில் மின்சாரத்தைச் சீக்கிரம் வடிக்கிறது. டையோடு அதை ஒரு வோல்ட்டுக்குள் அடக்கிவிடும். போட்டிருந்தால் இப்போதே கழற்றுங்கள்.

ஓடும்போது டிரெய்னில் விரல் வைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான அளவு ஆற்றல் இல்லை, ஆனால் சுரீர் என்று அடிக்கும். டிஎஸ்ஓ 138 போன்ற சின்ன ஆசிலாஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதை டிரெய்னில் வைக்க வேண்டாம். அதன் உள்ளீடு 50 வோல்ட்தான் தாங்கும், இங்கே 400. கேட்டில் வைத்துப் பாருங்கள், இறங்கும் விளிம்பு செங்குத்தாக இருக்க வேண்டும். சறுக்குமரம் போலச் சரிந்தால் மேலே சொன்ன கதை.

7. காயிலுக்குப் பதில் பல்பு, பிறகு காயில்

எல்லாம் போர்டில் வைத்தபின் சீரியஸ் லேம்ப்பை எடுத்துவிட்டு, காயில் இருக்க வேண்டிய இடத்தில் 10 வாட் பல்பை மாட்டுங்கள். 555 செருகி ஓடும்போது பல்பு எரியவே கூடாது. நூற்றில் ஒன்றரைப் பங்கு நேரம்தான் மின்சாரம் போகிறது, இழை சிவக்கக்கூட அது போதாது. மங்கலாக எரிந்தாலும் ஆன் நேரம் தப்பு, 3ஆம் படிக்குத் திரும்புங்கள். கேட்டில் டிசி வோல்ட் 0.15 முதல் 0.2 காட்டும். 555-ஐ எடுத்து 3ஆம் கால் ஓட்டையைக் கிரவுண்டில் தொட்டால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும்.

இரண்டும் சரியென்றால் சீரியஸ் லேம்ப்பைத் திரும்பப் போட்டுக் காயிலை மாட்டுங்கள். காயில் மாட்டியபின் ஒயரைக் கிரவுண்டில் தொடும் சோதனையை மறந்தும் செய்யக் கூடாது.

காயிலில் பார்க்க வேண்டியது அதிகமில்லை. ரெசிஸ்டன்ஸ் 1.3 முதல் 1.5 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3, 0.4-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். எனாமலைச் சுரண்டாமல் ஈயம் வைத்தால் மேலே பளபளவென்று உட்காரும், உள்ளே ஓடாது. பிளேடால் செம்பு நிறம் மாறித் தெரியும்வரை சுரண்டுங்கள். சுற்றுகள் நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த சுற்று ஒவ்வொரு அசைவுக்கும் கத்தும். காயில் தட்டில் இரும்புத் திருகு, ஆணி, ஸ்டேப்ளர் பின் எதுவும் கூடாது.

காயிலுக்குக் குறுக்கே, அதன் அதிர்வை அடக்கும் டாம்பிங் ரெசிஸ்டர் ஒன்று வரும். 390 ஓமில் தொடங்கி 470, 560, 680 என்று மாற்றிப் பாருங்கள். மதிப்பு அதிகமானால் காயில் மணி அடித்தது போல அதிர்ந்துகொண்டே இருக்கும், இரைச்சல். குறைந்தால் மந்தம். 2 வாட் மெட்டல் ஃபிலிம் வகை. வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டருக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது, அது இன்னொரு காயில், அதனால் வேண்டாம். பிரிசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துத் திருகலாம் என்றும் நினைக்காதீர்கள், 400 வோல்ட்டில் அது பொசுங்கும்.

இந்தப் பகுதியைப் பிரெட்போர்டில் கட்டியிருந்தால் கழற்றி டாட் போர்டுக்கு (ஈயம் வைத்து ஒட்டும் துளைப் போர்டு) மாற்றுங்கள். அந்தத் துளைகள் 3 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை இல்லை. டாட் போர்டிலும் மாஸ்ஃபெட் சோர்ஸிலிருந்து கெபாசிட்டர் மைனஸுக்குத் தடித்த ஒயர் தனியாகப் போக வேண்டும். ஆம்ப்ளிஃபயர் கிரவுண்டை அந்த ஒயரின் நடுவில் ஒட்டவைத்தால் ஒவ்வொரு துடிப்பும் சிக்னலாகத் தெரியும். இரண்டும் கெபாசிட்டரின் மைனஸ் காலில் வந்து சந்திக்கட்டும்.

8. கேட்கும் பக்கம்

காயிலிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் 1 கிலோ ஓமும், எதிரெதிர் திசையில் இரண்டு 1என்4148 டையோடுகளும் இருக்கும். 400 வோல்ட்டை அரை வோல்ட் சொச்சத்துக்கு அடக்குவது இவை. இரண்டும் ஒரே திசையில் வைக்கப்பட்டிருந்தால் டிஎல் 072 போயிருக்கும், டையோடைத் திருப்பியபின் ஐசியையும் மாற்றுங்கள். அந்த 1 கிலோ ஓம் ஒரு வாட்டாக இருக்கட்டும். கால் வாட் ரெசிஸ்டர் வாட்டில் தாங்கினாலும் வோல்ட்டில் தாங்காது.

கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டரும் ஒரு ஸ்விட்ச்தான். பிசி 547-இல் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால் ஒன்றரை ஆம்பியர் இழுக்கும், அது தாங்குவது 100 மில்லி ஆம்பியர். ஸ்பீக்கருக்குத் தொடராக 150 ஓம், அரை வாட் வையுங்கள் அல்லது பிடி 139 (BD139) டிரான்சிஸ்டர் போடுங்கள். சத்தம் வராமல் இருக்கும்போது முன்பகுதியை நோண்டுவதற்கு முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

9. எங்கே வைத்துச் சோதிப்பது

மொட்டை மாடியில் வேண்டாம், வீட்டுக்குள் தரையிலும் வேண்டாம். கான்கிரீட்டுக்குள் முழுக்கக் கம்பி. இரும்புக் கட்டில், பீரோ பக்கத்திலும் வேண்டாம். மர ஸ்டூல் மேல் காயிலை நிறுத்தி வைத்து, பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் பிடித்து மேலே கொண்டுபோங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். 15 செ.மீ. தூரத்தில் கூவினால் ஸ்விட்ச் பகுதியில் குறை இல்லை. 5, 6 செ.மீ. வந்து நின்றால் 6ஆம் படிக்கும் டாம்பிங் ரெசிஸ்டருக்கும் திரும்புங்கள்.

பம்புசெட் கொட்டகை, டிரான்ஸ்ஃபார்மர் அருகே மட்டும் விட்டுவிட்டுக் கூவினால் பழுது என்று போர்டைப் பிரிக்காதீர்கள். கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாம் மடங்கு 150. நம் துடிப்பு 140. பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் மோதி அலைபாய்கிறது. 100 கிலோ ஓமுக்குப் பதில் 110 கிலோ ஓம் போட்டால் துடிப்பு 128-க்கு இறங்கும், 100-க்கும் 150-க்கும் நடுவில் போய்விடும். ஆன் நேரம் மாறாது.

மண்ணும் விளையாடும். வட ஆற்காட்டுச் செம்மண்ணிலும் மலையடிவாரக் கற்களிலும் இரும்புத் தாது இருக்கிறது. காயிலைத் தரைக்கு இறக்கியதும் கூவினால், தரையோடு வைத்தபடியே சென்சிடிவிட்டி குமிழைத் திருப்பிச் சத்தம் நிற்கும் இடத்தில் வையுங்கள். பாலாற்று மணலில் இந்தத் தொல்லை குறைவு, கருமணல் வரியாக ஓடும் இடத்தைத் தவிர்த்தால் போதும். மே மாத வெயிலில் போர்டு பெட்டியைக் கறுப்பு நிறத்தில் வைக்காதீர்கள். நிழலில் சரிசெய்த குமிழ் பத்து நிமிட வெயிலில் நகர்ந்துவிடும். களத்துக்குப் போய்க் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு சரிசெய்யுங்கள்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. வேலூர்க் கோட்டை, மகேந்திரவாடி குடைவரை போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் தோண்டுவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோட்டை அகழியோரம் ‘சும்மா டெஸ்ட்’ செய்கிறேன் என்று போய் நிற்காதீர்கள். சொந்த நிலத்திலேயே பழைய காசோ நகையோ கிடைத்தாலும், மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வது அது, 10 ரூபாய் என்ற அந்தத் தொகை அப்படியே இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கலெக்டர் அலுவலகம் சத்துவாச்சாரியில்.